சமையற்கட்டுப் பெண்ணும் இரண்டு கவிதைகளும்

ஓவியத்தைப் பார்த்துக் கவிதை எழுதுவது புது வழக்கம் ஒன்றும் இல்லை. ஹோமரே அக்கிலீசின் கேடயத்தில் என்னென்ன செதுக்கியிருந்தது என்று நீளமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்தில் அந்த வர்ணனைக்கு ஒரு பயன் இருந்தது. இப்போது படத்தின் பெயரைத் தட்டினால் போதும், ஒரு நொடியில் திரையில் வந்து நிற்கிறது. வானம் நீலம், பூ மஞ்சள் என்று கவிஞர் வேறு வந்து சொல்ல வேண்டுமா என்ன?

ஆனாலும் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்யாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் இருபது வயதை ஒட்டி செவில் நகரில் வரைந்தது. இப்போது டப்ளினில், அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மேசைமேல் பாத்திரங்கள், பூண்டு, இடிகல். கூஜாவில் கை வைத்தபடி குனிந்து நிற்கிறாள் கறுத்த நிறத்துப் பணிப்பெண் ஒருத்தி. 1933-இல் படத்தைச் சுத்தம் செய்தபோதுதான் பின்னால் மறைந்திருந்த இன்னொரு காட்சி வெளியே வந்தது. உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊரில் சீடர்களோடு உணவுக்கு உட்கார்ந்திருக்கிறார் (லூக்கா 24-ஆம் அதிகாரம்). கூட நடந்து வந்த சீடர்களுக்கே அவர் யாரென்று அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. வேதத்தில் பெரிய காட்சி, படத்தில் ஒரு மூலையில் சின்னதாக! முன்னால் நிற்பவள் வேலைக்காரி.

டெனீஸ் லெவர்டாவ் (1923–1997) இந்தப் படத்துக்கு ஒரு கவிதை எழுதினார். அதில் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுக்கிறாள். அந்தக் குரலை அவளுக்கு அடையாளம் தெரிகிறது. சீடர்களுக்கு முன்பே அடுப்படியில் இருப்பவள் கண்டுகொள்கிறாள். அழகான கவிதை, சந்தேகமே இல்லை. ஆனால் அவளுக்கென்று ஒரு மனம் கிடைப்பது இயேசுவை நம்பும்போதுதான். லெவர்டாவ் பிற்காலத்தில் கிறித்தவத்துக்குத் திரும்பியவர். அவருடைய தேடலை அந்தப் பெண்ணின் முகத்தில் வைத்துவிட்டாரோ என்று தோன்றாமல் இல்லை.

நடாஷா ட்ரெத்வே அதே படத்துக்கு வேறு வழியில் போகிறார். கவிதை 'த்ரால்' (2012) என்ற தொகுப்பில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கே அடிமை என்றுதான் பொருள். படத்துக்கு 'முலாத்தா', அதாவது கலப்பினப் பெண், என்றும் ஒரு பெயர் உண்டு. ட்ரெத்வே அதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார். அவள் மனசுக்குள் உடனே நுழைந்துவிடவில்லை. முதலில் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார், அவளும் அந்தப் பாத்திரங்கள்தான் என்கிறார். பிறகுதான் அவள் தலையில் இருக்கும் வெள்ளைத் துணியும் இயேசுவின் ஒளிவட்டமும் எதிரெதிரே வருகின்றன.

இது வர்ணனை இல்லையா என்று கேட்கலாம். வர்ணனைதான், ஆனால் கணக்கெடுப்பு மாதிரியான வர்ணனை. அன்றைய செவிலில் அடிமைகள் ஏராளம். சட்டிபானையோடு சேர்த்து மனுஷியையும் சொத்துப் பட்டியலில் எழுதக்கூடிய ஊர். வெலாஸ்கெஸிடமே ஹுவான் தெ பரேகா என்ற அடிமை இருந்தார். 1650-இல்தான் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

ட்ரெத்வேயின் அப்பா வெள்ளையர், அம்மா கறுப்பினத்தவர். 1966-இல் அவர் பிறந்தபோது மிசிசிப்பி மாநிலச் சட்டப்படி அந்தக் கல்யாணமே குற்றம். இதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் கவிதை புரியுமா? தேவையில்லை. ஆனால் படத்தின் பெயரில் இருக்கும் ஒரே சொல் அவரை ஏன் அப்படி நிறுத்தியது என்பது தெரிந்துவிடும். லெவர்டாவ் அவளுக்கு ஒரு பெருமையைக் கொடுக்கிறார். ட்ரெத்வே அவளிடமிருந்து என்னென்ன எடுக்கப்பட்டது என்று பார்க்கிறார். இரண்டாவதுதான் கஷ்டமான வேலை.

இதையே இன்னும் எல்லைக்குக் கொண்டுபோனவர் ராபின் கோஸ்ட் லூயிஸ். 2015-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கிய அவருடைய தொகுப்பில், தலைப்புக் கவிதை முழுக்கக் கலைப்பொருட்களின் பெயர்களாலும் அருங்காட்சியகக் குறிப்புகளாலும் ஆனது. பெரும்பாலும் கறுப்பினப் பெண் உருவம் இருக்கும் படைப்புகள். அருங்காட்சியகங்கள் நல்லெண்ணத்தோடு 'அடிமை' போன்ற பழைய சொற்களை எடுத்துவிட்டு நாகரிகமான சொல்லைப் போட்டிருந்தன. அவர் பழைய சொல்லையே திரும்ப வைத்துவிட்டார். சொல்லை அழித்தால் நடந்ததும் அழிந்துவிடுகிறதே! சொந்தமாக ஒரு வரிகூட எழுதாத அது கவிதையா என்று முணுமுணுப்பவர்கள், அதை ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

வெலாஸ்கெஸ் வரைந்த அதே சமையற்கட்டுப் பெண் சிகாகோவில் இன்னொரு படத்திலும் இருக்கிறாள். அதே குனிவு, அதே மாதிரிப் பாத்திரங்கள். ஆனால் இயேசு இல்லை, சீடர் இல்லை, பின்னால் வெறும் சுவர்தான். லெவர்டாவின் கவிதையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அவள் எதைக் காது கொடுத்துக் கேட்கிறாள் என்றே தெரியாது. ட்ரெத்வேயின் கவிதையில் கடைசிச் சில வரிகளை விட்டுவிட்டால் மீதி அப்படியே பொருந்தும்.