கோவிவனுக்கு யார் கல் நட்டது?

செத்துப்போன நாய்க்குக் கல்லறை எழுப்புவதும், பூனையின் சாம்பலைச் செம்பில் வைத்திருப்பதும், வருஷம் தவறாமல் படத்துக்குப் பூப்போடுவதும் மேல்நாட்டிலிருந்து வந்து தொற்றிய நோய் என்று சென்ற இதழில் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். நோய்க்குப் பிறந்த ஊரும் ஆண்டும்கூடக் குறித்துக் கொடுத்திருக்கிறார்: பாரிஸை ஒட்டிய ஆனியேர், 1899. அங்கே நாய்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் திறந்தார்களாம், அதிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பரவி, கடைசியில் நம் அடுக்ககங்களுக்குள் புகுந்ததாம். தமிழன் செத்த பிராணியைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தவன், அதுதான் மரபு, அதுதான் மன ஆரோக்கியம் என்பது அவர் கண்ட முடிவு.

முதலில் அந்த ஆண்டைப் பார்ப்போம். லண்டன் ஹைட் பார்க்கின் ஓரத்தில், வாயிற்காவலர் வீட்டுத் தோட்டத்தில், செர்ரி என்ற நாயைப் புதைத்தது 1881இல். நியூயார்க் மாநிலத்தின் ஹார்ட்ஸ்டேல் கல்லறைத் தோட்டம் 1896இல் தொடங்கியது. 1899இல் பாரிஸில் பிறந்த நோய் 1881இல் லண்டனைத் தொற்றியது எப்படி? நாகரிகங்களின் வரலாற்றுக்கே தீர்ப்பு எழுத உட்கார்ந்தவர் மூன்று ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்திருக்க வேண்டாமா? ஆனியேர் ஏன் வந்தது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. செத்த விலங்குகளைக் குப்பையிலும் சேன் ஆற்றிலும் வீசிக்கொண்டிருந்தவர்கள் பாரிஸ்வாசிகள். அப்படிச் செய்யாமல், குடியிருப்புகளிலிருந்து தள்ளி முறையாகப் புதைக்க வேண்டும் என்று 1898இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. அதன் பிறகுதான் ஜார்ஜ் ஆர்முவாவும் பெண்ணுரிமைக்காகப் பத்திரிகை நடத்திய மார்கெரித் துராந்தும் சேர்ந்து அந்தத் தோட்டத்தை நிறுவினார்கள். ஆக, நம் மரபு என்று இவர் மார்தட்டும் அந்தத் தூக்கிப்போடுதல் பாரிஸிலும் அமோகமாக நடந்ததுதான். அதற்கு மட்டும் எந்த ஊரின் முத்திரையும் குத்தாமல் தமிழன் தலையில் கட்டுவானேன்?

இனி மரபுக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், அங்கே ஒரு நடுகல் நட்டார்கள். வீரனோடு நாயின் உருவத்தையும் கல்லில் செதுக்கினார்கள். நாய்க்கெனத் தனியே எழுத்தும் வெட்டினார்கள்: அதன் பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. உளி பிடித்தவன் ஒவ்வோர் எழுத்துக்கும் வியர்வை சிந்த வேண்டிய காலத்தில், ஒரு நாயின் பெயர் கல்லில் ஏற வேண்டும் என்று ஓர் ஊர் முடிவெடுத்திருக்கிறது. எந்தப் பிரெஞ்சுக்காரன் வந்து அவர்களுக்குப் பாடம் எடுத்தான்? அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சண்டைச் சேவல்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள், அதுவும் எடுத்தனூருக்கு முந்திய காலத்தில். நடுகல் மரபைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியவர் இந்த மூன்று ஊர்களில் ஒன்றைக்கூடக் குறிப்பிடவில்லை. தெரியாமல் விட்டிருந்தால் அந்தப் பத்தியை எழுதும் தகுதி அவருக்கு இல்லை, தெரிந்தே விட்டிருந்தால் வாசகனை ஏமாளி என்று நினைத்திருக்கிறார். இரண்டில் எது என்று அவரே சொல்லட்டும்.

பக்கத்து வீட்டுச் சாட்சியும் உண்டு. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட போர் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எதிரணியில் நின்று வென்ற கங்க மன்னன் பூதுகனிடம், அவனுடைய வீரன் மணலேரன் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டைநாயை. காளி ஒரு பெரிய பன்றியோடு மோதியது, நாயும் பன்றியும் சேர்ந்தே செத்தன. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கோயிலுக்கு முன்னால் அதற்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் எழுதிவைத்தார்கள். பூசை செய்யாமல் உண்பவனுக்குப் பாவம் என்று எச்சரிக்கையும் பொறித்தார்கள். அந்தக் கல் இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு பேரரசின் போர்ச்செய்தியை நாம் தெரிந்துகொள்வது ஒரு நாயின் நினைவுக்கல் வழியாகவும்தான்!

இங்கே அவர் ஒரு சந்துக்குள் நுழைவார், எனக்குத் தெரியும். ஏற்கெனவே கட்டுரையின் நடுப்பகுதியில் அதற்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறார். உழைத்த மாட்டுக்கு நன்றி காட்டுவது வேறு, மடியில் கிடந்து பிஸ்கட் தின்ற நாய்க்கு அழுவது வேறு என்கிறார். அப்படியானால் அவருடைய எதிர்ப்பு நினைவுச்சின்னத்துக்கு அல்ல. உயிருக்குக் கூலிக்கணக்குப் பார்த்து, உழைத்ததற்கு மட்டும் கண்ணீர் என்கிறார். இதே அளவுகோலை வீட்டுக்குள் கொண்டுபோனால் பத்து வருஷம் படுக்கையில் கிடந்த பாட்டிக்குத் திதி உண்டா, இல்லையா?

எடுத்தனூர் இருக்கும் அதே மாவட்டத்தில் ரமணாசிரமம் இருக்கிறது. 1948 ஜூன் 18இல் இறந்த பசு லட்சுமிக்கு அங்கே சமாதி இருக்கிறது. பசுவென்றால் பால் தந்தது, சரி என்பார். அதன் பக்கத்திலேயே ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும் சமாதிகள் இருக்கின்றன. அந்தக் காகம் யாருக்கு ஏர் உழுதது? ஜெர்மனியின் ஓபர்காசலில் 1914இல் தோண்டியெடுத்த, ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழைய குழியில் ஓர் ஆணோடும் பெண்ணோடும் ஒரு நாய்க்குட்டியும் கிடந்தது. ஏழு மாதக் குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் அது டிஸ்டெம்பர் கண்டு வாரக்கணக்கில் தவித்திருக்க வேண்டும், யாரோ ஊட்டியும் துடைத்தும் பார்த்திருக்காவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்காது என்கிறார்கள். வேட்டைக்குப் போகாத, காவல் காக்காத, நோயாளிக் குட்டி. செங்கடல் துறையான பெரெனிகேயில், நம் பிராமி எழுத்தில் கொற்றபூமான் என்று பெயர் கீறிய பானை ஓடு கிடைத்த அதே ஊரில், கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்குக் கல்லறைகள் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ அறுநூறு பிராணிகள், பெரும்பாலும் பூனைகள். சிலவற்றுக்குக் கழுத்தில் மணிகள். பல் கொட்டிப்போன கிழப் பிராணிகளும் உண்டு. மெல்ல முடியாத வாய்க்கு யாரோ இளக்கிக் கொடுத்துத்தானே அவை அந்த வயதைத் தொட்டிருக்க முடியும்? இவர்கள் எல்லாரும் மனநோயாளிகளா?

பணக்காரர் பொழுதுபோக்கு என்பது அவருடைய அடுத்த அம்பு. இதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் சின்னு பதின்மூன்று வருஷம் இருந்துவிட்டு ஒரு மார்கழிக் காலையில் கிணற்றடியில் செத்துக் கிடந்தது. தெருவில் பொறுக்கி வந்த நாய்க்குட்டி. நான் கடப்பாறையால் இரண்டடி தோண்டுவதற்குள் கை கொப்பளித்துவிட்டது. தேங்காய் பறிக்க வந்தவர் தளைநாரைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கடப்பாறையை வாங்கிக்கொண்டார். "நாலடியாவது வேணும் சார், இல்லேன்னா ராத்திரி நாய்ங்க கிளறிடும்" என்றார். மூன்று பாக்கெட் கல்லுப்பு, ஒரு பழைய துண்டு, இரண்டு டீ. செலவு அவ்வளவுதான். மண் தள்ளும் முன் நான் சொல்லாமலே குனிந்து மூன்று பிடி மண் எடுத்துப் போட்டார், என்னையும் போடச் சொன்னார். மனுஷனுக்குப் போடுவதுபோலவே. ஆனியேரைப் பற்றி அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

மதுரை, சிவகங்கைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளையோ கோயில் மாடோ செத்தால் வேட்டி போர்த்தி, மாலை குவித்து, மேளமும் வெடியுமாக ஊரே கூடி அடக்கம் செய்வதைக் கட்டுரையாளர் செய்தித்தாளிலாவது பார்த்திருக்கக் கூடும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு அங்கே நிற்கிறார்கள். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படம் கருப்பி என்ற நாயின் சாவோடு தொடங்குகிறதே, அந்த ஒப்பாரி எந்த அடுக்ககத்திலிருந்து எழுந்தது? ஏழைக்குச் சோறுதான் கவலை, துக்கப்பட அவனுக்கு நேரம் ஏது என்று நினைப்பதற்குப் பெயர் ஏழைமீது இரக்கமா? செல்லப்பிராணியின் கல்லுக்குச் செலவான பணத்தில் எத்தனை குழந்தைகளுக்குச் சாப்பாடு போடலாம் என்று கேட்பவர், காதுகுத்துக்கு வைக்கும் முப்பதடி பேனரைப் பார்த்து ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. துக்கத்தைச் சரக்காக்கி, பாத அச்சுக்கும் சாம்பல் பேழைக்கும் ஆளைப் பார்த்து விலை சொல்லும் வியாபாரிகள் இருக்கிறார்கள், அவர்களை இவர் அடித்திருந்தால் நானும் கூட நின்றிருப்பேன். நான்கு பக்கத்தில் அவர்கள்மேல் ஒரு வரி இல்லை. அடியெல்லாம் அழுகிறவர்களுக்கு.

மனதில் நினைத்தால் போதாதா, கழுத்துப்பட்டையையும் கிண்ணத்தையும் கட்டிக்கொண்டு அழுவது பொருள்மோகம் இல்லையா என்றும் கேட்கிறார். இதே இதழில் இரண்டு வருஷத்துக்கு முன் தன் தகப்பனாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பற்றி இவர் எழுதியதை நான் மறக்கவில்லை. கூட்டைத் திறந்தால் இன்னும் அவருடைய தலையெண்ணெய் வாசம் வருகிறது என்றும், அதனால் அடிக்கடி திறப்பதில்லை என்றும் எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனது போதுமென்றால் அந்தக் கூடு எதற்கு? தகப்பனும் நாயும் ஒன்றா என்று சீறுவார். ஒன்றென்று யார் சொன்னது? கல்லுப்பு வாங்கப் போனபோது என் தாயை நான் மறக்கவில்லை. ஒரு துக்கத்துக்கு இடம் கொடுத்தால் இன்னொன்றுக்கு இடம் போய்விடும் என்பது ரேஷன் கடைக் கணக்கு. சின்னுவின் ஈயத்தட்டு இன்னும் கிணற்றடியில்தான் இருக்கிறது. விளிம்பில் பல் பதிந்த நெளிசல். அதில் இப்போது மைனாக்களுக்குத் தண்ணீர் வைக்கிறேன்.

இவ்வளவு கோபம் இவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடையை அவரே கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். சின்ன வயதில் அவர்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்ததாம். அது செத்த அன்று பின்னங்காலில் கயிறு கட்டி வாய்க்கால் மேட்டுக்கு இழுத்துப்போனார்களாம். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாராம். வீட்டில் யாரும் அழவில்லை, அழுதால் அடி விழும் என்பதால் தானும் அழவில்லை, அப்படித்தான் அன்று பிள்ளைகளை உறுதியாக வளர்த்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார். ஆனால் அந்த நாய்க்கு இடது காதில் மட்டும் வெள்ளை என்பதை எழுதியிருக்கிறார். கயிறு தென்னங்கயிறு என்பதை எழுதியிருக்கிறார். இழுத்த தடம் மறுநாள் மழை வரும்வரை வாசல் மண்ணில் இருந்தது என்பதையும் எழுதியிருக்கிறார். ஐம்பது வருஷம் கழித்து! நான்கு பக்கமும் வரிக்கு வரி தேடிப் பார்த்தேன், ஒன்று மட்டும் இல்லை. ஐயா, அந்த நாயை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்?