காட்டுச் செடியைக் கைவிடலாமா?

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வருகிறவர்களின் கண்கள் மலை உச்சியில்தான் இருக்கும். ஊர் எல்லையைத் தாண்டிப் போனால் மணிலா வயல்களைப் பார்க்கலாம். மல்லாட்டை என்பதும், வேர்க்கடலை என்பதும் அதைத்தான். மானாவாரி நிலத்து விவசாயிக்கு அது காசு தரும் பயிர். குடும்பத்துக்கு எண்ணெய். குழந்தைகளுக்குக் கடலை உருண்டை.

அந்தப் பயிருக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று, டிக்கா என்னும் இலைப்புள்ளி நோய். மற்றொன்று, துரு நோய். இலையில் புள்ளி விழும். இலை காயும். காய் திரளாது. மருந்து தெளிக்கலாம், அதற்குப் பணம் வேண்டும். செடியே நோயைத் தாங்கிக்கொண்டால் நல்லது அல்லவா?

நெருங்கிய பங்காளிகள்

வேர்க்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டு காட்டுச் செடிகள் கலந்து பிறந்ததுதான் வேர்க்கடலை. உலகெங்கும் விதைக்கப்படும் ரகங்கள் அந்த வழியில் வந்தவையே. நிறம் மாறலாம், பருமன் மாறலாம். உள்ளே எல்லாம் நெருங்கிய பங்காளிகள். ஆகவே, ஒன்றைத் தாக்கும் நோய் மற்றதையும் எளிதில் தாக்கும்.

பிறகு உதவி எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து!

பொலிவியா நாட்டில் ஒரு காட்டு வேர்க்கடலைச் செடி உண்டு. அதன் காய் மிகச் சிறியது. சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க ஆள் இராது. ஆனால் அதை இந்த நோய்கள் எளிதில் அண்டுவதில்லை. 1960-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் விஞ்ஞானிகள் அதை வயல் கடலையோடு கலந்தார்கள். பிறந்த செடி மலடு. அவர்கள் விடவில்லை. பாடுபட்டு அதை விதை தரச் செய்தார்கள்.

அந்த வழி வந்த விதைகள் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வந்தன. கர்நாடகத்தில், தார்வாடு விவசாயப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஜி.பி.பி.டி. 4' ரகத்தில் அந்தக் காட்டுச் செடியின் ரத்தம் ஓடுகிறது. துருவையும் இலைப்புள்ளியையும் அது தாங்குகிறது. 30 நாடுகளின் வேர்க்கடலையில் அந்தச் செடியின் உறவு இருப்பதாக 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

நான்கு கன்றுகள்

ரேஷன் கடைப் பாமாயிலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. எண்ணெய்ப் பனையை மலேசியத் தமிழர்கள் செம்பனை என்பார்கள். 1848-ல் ஜாவாத் தீவின் போகோர் பூங்காவில் அதன் கன்றுகள் நான்கு நடப்பட்டன. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெருகிய தோட்டங்களின் தாய் மரங்கள் அந்த வம்சமே. நாலு கன்றின் வம்சத்தை நம்பி எத்தனை காலம் இருப்பது? 1973-ல் மலேசிய விஞ்ஞானிகள் பனையின் தாயகமான ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். நைஜீரியாவின் தோப்புகளில் தானாக வளர்ந்த மரங்களின் விதைகளைத் திரட்டினார்கள். குட்டையாக வளர்ந்து நிறையக் காய்க்கும் மரங்களும் அவற்றில் கிடைத்தன.

"பசித்தவன் இருக்கும்போது களைச் செடிக்குக் காவலா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அழிந்த செடி கோடி கொடுத்தாலும் திரும்பாது. அடுத்து வரும் நோய் எது, அதைத் தாங்கும் குணம் எந்தச் செடியில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சிறு துரும்பும் பல் குத்த உதவும். எனவே நாடுகள் விதையைக் கொடுத்து வாங்க வேண்டும். கொடுத்த நாட்டுக்கும் பலனில் பங்கு சேர வேண்டும்.

நம் ஊரின் கடமை

காட்டுச் செடியைப் போலவே, பழைய நாட்டு ரகங்களும் நாளைய சேமிப்புதான். திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில் மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கிறார்கள். புது ரகம் வரட்டும், விளைச்சல் பெருகட்டும். அதற்காகப் பழைய விதையைக் கடைசிப் படி வரை உலையில் போட்டுவிடக் கூடாது. அத்தியந்தலில் சிறுதானிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழைய விதை வைத்திருப்பவர்கள் அங்கே ஒரு படி கொடுக்கலாம். வீட்டிலும் ஒரு படி வைக்கலாம்.

எவ்வளவு வறுமை வந்தாலும் விதை நெல்லில் கை வைக்காதவர்கள் நம் முன்னோர்கள். காட்டில் இருப்பதும் விதை நெல்தான்!