கேப் டவுனில் ஒரு பழவேற்காட்டுக்காரி

போன மாதம் ஊருக்குக் கிளம்பும் முன் கருவாடு வாங்க லைட்ஹவுஸ் குப்பம் போனேன். தெரியாதவர்களுக்கு: பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்து, அங்கிருந்து பாலம் தாண்டினால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்திட்டாகக் கிடக்கும் ஊர். வழக்கமாக எனக்கு மீன் கொடுக்கும் அக்கா, "எந்த ஊருக்கும்மா?" என்றார்.

"ஆப்பிரிக்கா. கேப் டவுன். பொண்ணு அங்கே வேலை பாக்குறா."

"அங்க கடல் கீதா?"

"இருக்குக்கா."

"அப்ப மீனும் இருக்கும். கருவாடு எதுக்கு?"

நியாயமான கேள்வி. மகளும் போனில் "வேண்டவே வேண்டாம்" என்று கத்தியதால் கருவாடு நாத்தனார் வீட்டுக்குப் போனது. நான் கேப் டவுன் போனேன்.

தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று தலைநகரங்கள். நிர்வாகத்துக்கு பிரிட்டோரியா, நீதித்துறைக்கு ப்ளூம்ஃபான்டெயின், நாடாளுமன்றத்துக்கு கேப் டவுன். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை, வழியில் மாற வேண்டும். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நம் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தால் அவர்கள் நேரம். பிளக்குக்கு அலைய வேண்டாம்: நம் வீட்டில் கெய்சருக்கு மாட்டுகிற பெரிய மூன்று முள் பிளக்தான் அங்கே பரவலாக. வண்டிகளும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓடுகின்றன. "அடுத்த ரோபாட்டில் இடது பக்கம் திரும்புங்கள்" என்று யாராவது வழி சொன்னால் மிரளாதீர்கள். டிராஃபிக் சிக்னலுக்கு அங்கே ரோபாட் என்று பெயர்!

நகரத்துக்குள் சுற்ற மைசிட்டி பஸ் சௌகரியம். கண்டக்டரிடம் சில்லறை நீட்ட முடியாது, கார்டு வாங்கிப் பணம் போட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது என்னவோ அவர்களுடைய ஷேர் டாக்ஸி வேன்தான். ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டபடி ஒரு பையன் "மோப்ரி! வின்பர்க்!" என்று கூவி ஆள் ஏற்றுகிறான். அப்படியே நம் திருவொற்றியூர் ஷேர் ஆட்டோ. பகலில் மகளோடு ஏறினேன், தனியாக ஏறவில்லை. இருட்டிய பிறகு நடக்காமல் ஆப்பில் கார் கூப்பிடுங்கள். தெருவில் செல்போனைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். இதை அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள்.

டேபிள் மவுன்ட்டன் சுமார் 1,086 மீட்டர். 1929 முதல் கேபிள் கார் ஓடுகிறது, இப்போதைய கூண்டின் தரை மேலே போகும்போதே தானாகச் சுழன்று நாலு பக்கமும் காட்டும். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். நாங்கள் இரண்டு நாள் ஏமாந்து மூன்றாம் நாள் ஏறினோம். முதல் நாளே போய்விடுங்கள், மிச்ச நாள் கைவசம் இருக்கும்.

ஆனால் இந்த வாரம் சொல்ல வந்தது மலையைப் பற்றி அல்ல. மலை ஏற முடியாத இரண்டாம் நாள், அடர்லி தெரு முனையில் இருக்கும் ஸ்லேவ் லாட்ஜ் மியூசியத்துக்குப் போனோம். 1679-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டியது. 1652-லிருந்து 1808 வரை கப்பலில் கேப் டவுனுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அதில் கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து போனவர்கள். வங்காளம், மலபார், அப்புறம் நம் சோழமண்டலக் கரை.

பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்ததும் இதே கம்பெனிதான். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் பழவேற்காடு. துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் மனிதர்களையும் வாங்கி ஏற்றினார்கள். டச்சுக் கல்லறைக்குப் போகிறவர்கள் வாசலில் எலும்புக்கூடு சிற்பத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். நானும் எடுத்திருக்கிறேன். அங்கே படுத்திருப்பவர்கள் விற்றவர்கள். விற்கப்பட்டவர்களுக்கு ஒரு கல்லை நான் பார்த்ததில்லை.

அவர்களில் ஒருத்தியின் கதை கேப் டவுன் ஆவணங்களில் இருக்கிறது. கத்தரினா ஃபான் பாலியகட்டா, அதாவது பழவேற்காட்டுக் கத்தரினா. பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அடிமையாக இருந்தாள். தன்னை அடித்த காதலனைத் தற்காப்பில் தாக்க, அவன் இறந்துபோனான். மரண தண்டனையிலிருந்து தப்பி, ஆயுள் முழுக்க நாடுகடத்தப்பட்டு 1657-ல் கேப் டவுன் வந்து சேர்ந்தாள். டச்சுக்காரர்கள் குடியேறி அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. கோட்டையில் துணி துவைத்தாள். 1671-ல், தன்னைப் போலவே அடிமையாக வந்து விடுதலையான ஒரு வங்காளத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்கு முன்பே பிறந்த மகனின் வழியில் வந்தவர்கள்தான் இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற பெயரோடு இருக்கும் குடும்பங்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள்!

மியூசியத்திலிருந்து சில நிமிட நடையில் சர்ச் ஸ்கொயர். அங்கே 2008-ல் பதினொரு கருங்கற்கள் வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் அடிமைகளின் பெயர்கள். ஒரு பள்ளிக்கூடப் பெண் அதில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். உட்காரும் உயரத்தில்தான் இருக்கின்றன.

மறுநாள் ரயிலேறிக் கடலோரமாகவே கால்க் பே போனோம். ரயில் ஜன்னலுக்குக் கீழேயே அலை அடிக்கிறது. துறைமுகத்தில் படகு, வலை, பேரம், மீன் தலைக்குக் காத்திருக்கும் சீல். ஸ்னூக் என்று நீளமான மீன். மஞ்சள், வெங்காயம், மசாலா எல்லாம் போட்டு வினிகரில் ஊறவைத்த மீனை ஈஸ்டருக்கு ஊரே சாப்பிடுமாம். எனக்கும் ஒரு தட்டு கிடைத்தது. நம் மீன் குழம்பை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சில்லென்று தின்றது போல இருந்தது. குறை சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் குப்பத்து அக்காவிடம் கத்தரினா கதையைச் சொன்னேன். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"கத்தரினா அவுங்க வெச்ச பேரு. இங்க அவ ஆத்தா இன்னான்னு கூப்ட்டா?"

"அது எங்கேயும் எழுதலைக்கா."

தலையைத் தனியாக எடுத்துவைத்து, "கொயம்புக்குப் போட்டுக்கோ" என்று பையில் போட்டார்.