ஒண்ணுக்கு நல்லாப் போனால் போதுமா?

"கிட்னியா? ஒண்ணுக்கு நல்லாப் போகுது, வலி கிலி எதுவும் இல்லையே!" சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னால் பலர் சொல்லும் பதில் இதுதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களும் இதையே சொல்லித் தப்பிக்கிறார்கள். இந்தத் தைரியம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

சிறுநீரகக் கல் வந்தவர் துடிதுடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். சர்க்கரையால் சிறுநீரகம் அரிக்கப்படுபவரோ நிம்மதியாகத் தூங்குகிறார். அந்தச் சேதம் வலிப்பதில்லை. ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர் நன்றாகத்தானே நடமாடுகிறார்? பாதி போனாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது.

சிறுநீர் நிறையப் போகிறது என்ற பெருமை இன்னும் வேடிக்கை. கெட்டுப்போகும் சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறனை ஆரம்பத்திலேயே இழக்கிறது. அதனால் வெளுத்த சிறுநீர் தாராளமாகவே போகும். ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழ வேண்டிவரும். புராஸ்டேட் வீக்கமோ சர்க்கரையோகூடக் காரணமாக இருக்கலாம்; எதுவானாலும் 'வயசாச்சு' என்று விட்டுவிடுவதா? அளவு குறைவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான்.

பார்க்க வேண்டியது அளவை அல்ல, அதில் புரதம் ஒழுகுகிறதா என்பதை. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், 19ஆம் நூற்றாண்டிலேயே சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டி, புரதம் திரிவதைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார். இன்று அதற்கு ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதப் பரிசோதனை இருக்கிறது. 30க்கு மேல் போனால் எச்சரிக்கை. கழிப்பறையில் நுரை அடங்காமல் தினமும் நின்றாலும் இதைப் பார்த்துவிட வேண்டும்.

"கிரியாட்டினின் 1.1, நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பவர்கள் தனி ரகம். அதே 1.1, 25 வயது ஆணுக்கு வடிகட்டும் திறன் சுமார் 95 என்று காட்டும். 70 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 54தான். மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால், அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் முட்டிவலி மாத்திரையை நிறுத்தி, பலருக்கு டயாலிசிஸை வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம். நம்மவர்களோ முகம் வீங்கிய பிறகு வாழைத்தண்டுச் சாறு தேடுகிறார்கள். பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும் சிறுநீரகத்துக்கு அந்தச் சாறே வம்பு.