சாகாத புழுவையும் கணக்கில் எடுங்கள்

வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் மல்பெரிக்குப் பக்கத்திலேயே மாவும் தக்காளியும் நிற்கின்றன. மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கும், தக்காளியில் காய்ப்புழுவுக்கும் மருந்து அடிக்கிறார்கள். அதன் சாரல் மல்பெரி இலையில் படிகிறது. அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு கக்கி, நடுங்கிச் சுருண்டால் விவசாயிக்கே விளங்கிவிடும். கொல்லாத அளவில் நஞ்சு சேரும்போதுதான் நம் கண்ணும் தவறுகிறது.

மொத்தத் தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புழு ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. அந்த ஏழெட்டு நாளில் இலையின் புரதம் பட்டுச் சுரப்பியில் ஃபைப்ராயின் என்ற பட்டுப் புரதமாக மாற வேண்டும். நஞ்சு நுழைந்தால் சைட்டோகுரோம் பி450, எஸ்டரேஸ், குளுட்டாதயோன் நொதிகள் அதை உடைக்க முனைகின்றன. அதற்கு ஆற்றல் செலவாகிறது. அதே நேரத்தில் தீனியும் குறைகிறது, கொழுப்புத் திசுவில் சேர்ந்த கிளைக்கோஜன் கரைகிறது, குருதிநீரில் புரதமும் இறங்குகிறது. புழு பிழைத்துக் கூடும் கட்டிவிடும். ஆனால் கூட்டின் ஓடு மெலிந்திருக்கும். பழி முட்டைத் தொகுதி மேலோ வெயில் மேலோ விழுகிறது.

வெள்ளை ஈக்கு அடிக்கும் பைரிப்ராக்சிஃபென் இன்னும் சூதானமாகப் பார்க்க வேண்டிய மருந்து. இளமை இயக்குநீர் வடிந்தால்தான் புழு நூற்கும். இம்மருந்து அந்த இயக்குநீரைப் போலவே நடிப்பதால், புழு தின்றுகொண்டே பருத்துக் கூடு கட்டாமல் செத்துப்போகும். இதே வகை மருந்தான ஃபெனாக்சிகார்ப் பழத்தோட்டங்களிலிருந்து பரவி இத்தாலியின் பட்டு வளர்ப்பையே முடக்கியது.

மல்பெரிக்கு நாம் பரிந்துரைத்துவந்த டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் தடையில் இருக்கிறது. அது இலையில் சீக்கிரம் மறைந்துவிடும். இன்று அக்கம்பக்கத்தில் புழங்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல் அப்படியல்ல. மிகச் சிறு அளவே பட்டுப்புழுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும், இலையிலும் நெடுநாள் தங்கும். டைகுளோர்வாஸுக்குச் சொன்ன காத்திருப்பு நாள் இதற்குச் செல்லாது.

சந்தேகமான இலையைச் சில புழுக்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் அது சாவை மட்டுமே காட்டும். அந்தப் புழுக்களை நூற்கும்வரை தனியே வளர்த்து, கூட்டையும் ஓட்டையும் எடை போட்டு, நல்ல இலை தின்றவற்றோடு ஒப்பிட வேண்டும். பட்டு வளர்ச்சித் துறைக் களப்பணியாளர்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் பக்கத்து வயலில் என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தார்கள் என்று பதிவேட்டில் எழுதத் தொடங்கட்டும். நான்காம் தோலுரிப்புக்கு முன்பே தக்காளிக்காரரிடம் நேரில் போய்ப் பேசி, காற்றடிக்கும் வேளையில் மருந்து அடிக்காமலிருக்கக் கேளுங்கள்.