வாசலில் குவியும் நோட்டீசு: பூட்டிய வீட்டை காட்டிக்கொடுக்குது! கேட்காமல் வரும் காகிதத்தை தடுப்பது எப்படி?

திருப்பூர்,

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். இது பனியன் கம்பெனி தொழிலாளர்களுக்கு மட்டும் அல்ல, நோட்டீசு அடிக்கிறவர்களுக்கும் நல்லா தெரியும். அதனால்தான் வார கடைசியில் வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், ராயபுரம், மங்கலம் ரோடு என்று எந்த பக்கம் போனாலும் லைன் வீடுகளின் வாசலில் கலர் கலராக நோட்டீசு கிடக்கிறது.

ஜவுளிக்கடை தள்ளுபடி, நகைச்சீட்டு, தவணையில் சைட், ஆதார் கார்டு இருந்தால் போதும் கடன், சர்க்கரை நோய்க்கு ஒரே மாதத்தில் தீர்வு, ஸ்கூல் அட்மிஷன், இன்டர்நெட் கனெக்சன் என்று வராதது எதுவும் இல்லை. கேட்டில் சொருகுகிறார்கள், கதவு இடுக்கில் தள்ளுகிறார்கள், பைக் சீட்டில் வைக்கிறார்கள், பேப்பருக்குள் மடித்து அனுப்புகிறார்கள். போதாததற்கு தபாலிலும் வருகிறது.

வெறும் காகிதம்தானே, கூட்டி தள்ளிட்டா போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் அத்தோட முடியலை.

திருடனுக்கு தகவல்

புருஷன், பெண்டாட்டி இருவரும் கம்பெனிக்கு போகிற ஊர் இது. காலை எட்டரைக்கு வீட்டை பூட்டினால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து திரும்ப ராத்திரி எட்டரை ஆகிவிடும். பிள்ளைகள் ஸ்கூலில். பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லை. பண்டிகைக்கு சொந்த ஊர் போனால் நாலைந்து நாள் பூட்டுதான்.

அந்த நாலு நாளும் கேட்டில் நோட்டீசு விழுந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு வாசல் சுத்தமாக இருக்க, இந்த வீட்டு கேட்டில் மட்டும் எட்டு நோட்டீசு அப்படியே சொருகி இருந்தால் என்ன அர்த்தம்? உள்ளே ஆள் இல்லை என்று போர்டு எழுதி மாட்டியது போலத்தான். வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள், பால், பேப்பரை நிறுத்திவிட்டு போங்கள் என்று பண்டிகை காலங்களில் போலீசார் சொல்வது இதனால்தான். பாலையும் பேப்பரையும் நிறுத்தி விடலாம். நோட்டீசை யாரிடம் சொல்லி நிறுத்துவது? அங்கேதான் சிக்கல்.

பையன்களை திட்டி லாபம் இல்லை

நோட்டீசு போடுகிற பையனை பிடித்து சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவன் அன்றாட கூலிக்கு வெயிலில் தெரு தெருவாக நடக்கிறவன். கொடுத்த கட்டை தீர்க்காமல் போனால் கூலி கிடைக்காது. அதனால் ஒரே வீட்டில் மூன்று, நாலு சொருகிவிட்டு போவதும் நடக்கிறது. அவனை திட்டினால் அடுத்த வாரம் வேறு பையன் வருவான், அவ்வளவுதான்.

பேப்பருக்குள் வரும் நோட்டீசு கதை வேறு. விடியற்காலை கட்டு பிரிக்கிற இடத்திலேயே, ஏரியா ஏஜெண்டு மூலம் உள்ளே வைக்கப்படுகிறது. ஏஜெண்டுக்கு அதில் வருமானம் உண்டு. பேப்பர் போடும் பையன்களுக்கு அதில் கொஞ்சம் போகும். குறை சொல்ல முடியாது. ஆனால் மாதாமாதம் பேப்பர் காசு வசூலிக்க வரும்போது, எங்க வீட்டுக்கு நோட்டீசு வைக்காதீங்க என்று கேட்க வாசகருக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்கிறவர்கள் குறைவு.

எல்லா நோட்டீசும் குப்பை என்றும் சொல்லிவிட முடியாது. புதுசாக கடை போட்ட மெக்கானிக், டியூசன் எடுக்கும் பெண், தண்ணீர் கேன் போடுகிறவர் இவர்களுக்கு பத்திரிகை, டி.வி. விளம்பரத்துக்கு காசு ஏது? ஆயிரம் நோட்டீசு அடித்தால்தான் நாலு பேருக்கு தெரியும். வம்பு வருவது இந்த சின்ன நோட்டீசால் இல்லை.

தபாலில் வரும் 'கார்'

தபாலில் வருவதுதான் பயங்கரம். பிரபல ஆன்லைன் கடை பெயரில் பளபளப்பான கவர் வரும். உங்கள் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே ஒரு கடிதமும் சுரண்டும் கார்டும் இருக்கும். சுரண்டினால் கார், அல்லது பல லட்சம் ரூபாய் பரிசு. கீழே ஒரு செல் நம்பர். பரிசு விழாத கார்டு அதில் வருவதே இல்லை என்பதை கவனிக்க வேண்டும்.

போன் போட்டால் தேனாக பேசுவார்கள். முதலில் பதிவு கட்டணம் என்று சில ஆயிரம், அடுத்து ஜி.எஸ்.டி., அடுத்து வண்டியை அனுப்பும் செலவு. கட்ட கட்ட புதுசாக ஒன்று முளைக்கும். கட்டியதை விட மனசு வராமல் வட்டிக்கு வாங்கி கட்டுகிறவர்களும் உண்டு. கடைசியில் நம்பர் சுவிட்ச் ஆப். நிஜமாக ரொக்க பரிசு தருகிறவன் வரியை பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பான். உங்கள் பையில் இருந்து முதலில் பணம் கேட்க மாட்டான்.

இதே ரகம்தான் செல்போன் டவர் கடிதம். உங்க இடத்தில் டவர் வைக்கிறோம், மாத வாடகை, அட்வான்ஸ் லட்சக்கணக்கில் என்று அரசு முத்திரை மாதிரி ஒன்றை குத்தி அனுப்புவார்கள். டவர் வைக்க இடம் எடுப்பதிலோ, அதற்கு கட்டணம், வரி வாங்குவதிலோ தங்களுக்கு எந்த தொடர்பும் இல்லை, தடையின்மை சான்று எதுவும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பலமுறை அறிவித்துவிட்டது.

மூன்றாவது, ஆர்டர் போடாமலே வரும் பணம் கட்டி வாங்கும் பார்சல். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருப்பார்கள். மகன்தான் போட்டிருப்பான் என்று காசு கொடுத்து வாங்கிவிடுவார்கள். பிரித்தால் உள்ளே ஒன்றுக்கும் உதவாத பொருள்.

இவர்களுக்கு முகவரி எப்படி போகிறது? பாதி நாமே கொடுப்பது. ஜவுளிக்கடையில் குலுக்கல் கூப்பன், பொருட்காட்சியில் இலவச பரிசு சீட்டு என்று பெயர், வீட்டு நம்பர், செல் நம்பர் எல்லாம் எழுதி பெட்டியில் போட்டுவிட்டு வருகிறோம். குப்பையில் போடும் பார்சல் அட்டையிலும் அத்தனை விவரமும் ஒட்டியே இருக்கிறது.

செல்லுக்கு 1909, வாசலுக்கு?

செல்போனில் தொல்லை விளம்பரம் வந்தால் 1909-க்கு போன் போட்டு வேண்டாம் என்று பதிவு செய்யலாம். பல ஆண்டுகளாகவே இந்த வசதி நடைமுறையில் உள்ளது. சுவரில் போஸ்டர் ஒட்டி அசிங்கப்படுத்தினால் தமிழ்நாட்டில் 1959-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் விழும் நோட்டீசை வேண்டாம் என்று பதிவு செய்ய இங்கே ஒரு ஆபீசும் இல்லை.

ஜெர்மனியில் தபால் பெட்டியில் விளம்பரம் வேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் மீறி போடக்கூடாது என்று 1988-லேயே அந்த நாட்டு கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2018-ல் இருந்து தலைகீழ். வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்கு மட்டும்தான் விளம்பர காகிதம். நம்ம ஊர் கேட்டில் போர்டு வைத்தால் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், நோட்டீசு போடாதீர்கள் என்று பெரிசாக தமிழில் எழுதி வைத்தால் பாதி பேராவது தாண்டி போவார்கள். லைன் வீடு என்றால் பத்து வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே போர்டு போதும். வீட்டு ஓனரிடம் கேட்டால் அவர் மறுக்க போவதில்லை.

உள்ளே இருப்பதை பிடிக்கலாம்

போடுவதை தடுக்க வழி இல்லாவிட்டாலும், அதில் பொய் அச்சடித்தால் பிடிக்க வழி இருக்கிறது. இது பலருக்கு தெரியாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்தில் விளம்பரம் என்றால் நோட்டீசு, சுற்றறிக்கையும் அடங்கும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்ப செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. மாவட்ட கலெக்டரிடமே புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு போகிறவர்கள் அந்த நோட்டீசையும் மனுவோடு இணைத்து கொடுக்கலாமே!

சர்க்கரை நோயை குணப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. பதிவு தேவைப்படும் மனைப்பிரிவு என்றால் நோட்டீசில் ரெரா பதிவு எண் இருந்தாக வேண்டும். எண் இல்லாத சைட் நோட்டீசை அப்படியே மடித்து வையுங்கள், அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் திட்டத்தை விளம்பரம் செய்வதும் 2019-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். திருப்பூர்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க தேவையில்லை. இந்த ஊரில் நடந்த பாசி நிதி நிறுவன மோசடியில் இயக்குனர்கள் 2 பேருக்கு 27 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வர 2022 வரை ஆனது. போட்ட பணத்துக்கு அலைந்தவர்கள் இன்னும் தெருவுக்கு தெரு இருக்கிறார்கள்.

கையில் வாங்காதீங்க

தபாலில் சந்தேகமான கவர் வந்தால் பிரிக்காமல், வேண்டாம் என்று தபால்காரரிடம் சொன்னால் போதும். மறுத்ததாக எழுதி அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். ஆர்டர் போடாத பார்சலுக்கும் இதேதான். காசு கொடுத்த பிறகு கத்தி பிரயோஜனம் இல்லை. வீட்டு பெரியவர்களிடம், எனக்கு போன் போட்டு கேட்காமல் எதையும் வாங்காதீங்க என்று முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வக்கீல் நோட்டீசு, கோர்ட்டு சம்மன், பாங்க் கடிதம் இவற்றை இப்படி மறுக்கக்கூடாது. வாங்க மறுத்தால் கையில் கொடுத்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். அனுப்பியவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் மறுக்க வேண்டும்.

குலுக்கல் கூப்பனில் முழு முகவரி எழுத வேண்டியதில்லை. பார்சல் அட்டையில் பெயர், நம்பர் ஒட்டியிருப்பதை கிழித்துவிட்டு குப்பையில் போடலாம். வெளியூர் போகும்போது தினமும் வாசலில் கிடப்பதை எடுத்து போட பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போகலாம். லைன் வீட்டில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஏற்கனவே பரிசு என்று நம்பி பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது போய் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. கவர், கார்டு, கடிதம் மூன்றையும் கிழிக்காமல் வைத்திருந்தால் போலீசில் புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.