கோடையில் திடல் யாருக்கு?
பொது விளையாட்டுத் திடல்கள், தெரு நிகழ்ச்சிகள் குறித்து வட சென்னைக் குடியிருப்போர் சங்கம் ஒன்றின் நிலைப்பாட்டு அறிக்கை

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் மறுபடி திறக்க ஜூன் ஆகிவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி போன்ற பகுதிகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் இருப்பது ஒற்றை அறை வீடு, வாசலை ஒட்டிய தெரு, தெருக்கோடியில் ஒரு மாநகராட்சித் திடல். ஊருக்குப் போகச் சொந்த ஊர் எல்லோருக்கும் இல்லை. இவர்களில் பலருக்குச் சென்னையே சொந்த ஊர். ஆகவே, கோடையில் அந்தத் திடலும் தெருவும் யாருக்கு, எந்த நேரத்தில், என்ன நிபந்தனையில் திறந்திருக்கும் என்பது எங்கள் பகுதிக்கு முக்கியமான கேள்வி. அதில் எங்கள் சங்கத்தின் நிலையை இங்கே தெளிவாகச் சொல்கிறோம்.

நிலைப்பாடு

மாநகராட்சித் திடல், பூங்கா, தெரு ஆகிய இடங்களில் கோடையில் நடக்கும் விளையாட்டும் நிகழ்ச்சிகளும் பகுதி மக்களுக்குக் கட்டணமின்றி இருக்க வேண்டும். அந்த இடங்களைக் குத்தகைக்கோ, மணிக்கணக்கு வாடகைக்கோ விடக்கூடாது. அன்றாடம் வந்து ஆடும் பிள்ளைகளுக்கே முதல் உரிமை. போட்டித் தொடர்களும் மேடை நிகழ்ச்சிகளும் அதற்கு அடுத்துத்தான். நேரத்தை வெயிலைப் பார்த்து வகுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் திடலில் உறுதியான நேரம் வேண்டும்.

ஏன் கட்டணம் கூடாது

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆடுபவர் ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதை வரவேற்கிறோம். ஆனால் அந்த எண்ணம் மறுபடி எழாது என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. ஆகவே ஒரு கணக்கைச் சொல்லிவைக்கிறோம். ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இருவர். விடுமுறையில் மாதம் 25 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பந்து ஆடினால் அந்த வீடு 6,000 ரூபாய் கட்ட வேண்டும். மீன் ஏலக்கூடத்தில் கூடை தூக்குபவரோ, துறைமுகத்தில் தினக்கூலிக்குப் போகிறவரோ கட்டக்கூடிய தொகையா அது? பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களுடைய பெற்றோர் கொடுக்கும் வரியில் உருவான திடல் அது.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959 முதல் தனிச் சட்டமே உண்டு. ஓய்வும் விளையாட்டும் குழந்தைகளின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது. 1992இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது.

திறந்த இடம் என்ன தரும் என்பதற்கு எங்கள் பகுதியே சாட்சி. வியாசர்பாடியைக் கால்பந்துக்காரர்கள் மினி பிரேசில் என்று அழைக்கிறார்கள். கட்டணம் கட்டிக் கற்ற பிள்ளைகளால் வந்த பெயர் இல்லை அது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். மாலையில் எங்கள் தெருக்கள் எதிலாவது நடந்து பாருங்கள். கம்பத்திலிருந்து இழுத்த ஒயரில் ஒரு பல்பு, அதன் கீழே கேரம் பலகை, சுற்றி நான்கு பேர், அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் சின்னப் பையன். பலகையில் பவுடர் தூவுவதுதான் அவனுக்குக் கிடைக்கும் முதல் வேலை. காயின் அடிக்க முறை வருவதற்குள் பெரியவர்களின் ஆட்டம் முழுவதும் அவன் கண்ணில் ஏறிவிடும். எந்தக் கட்டணப் பயிற்சி முகாமும் இப்படிப் பாதையோடு போகிற பிள்ளையைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்வதில்லை.

போட்டித் தொடர்கள் பற்றி

கட்டணத்தை எதிர்க்கும் நாம் இன்னொன்றையும் பேச வேண்டும். மே மாதம் பிறந்தால் ஒவ்வொரு திடலிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட். அணிக்கு நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மைக் செட், காலை முதல் இருட்டும் வரை ஆட்டம். ஊரே கூடிப் பார்க்கிற நல்ல கொண்டாட்டம் அது. அது நிற்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒன்று முடிந்தால் அடுத்தது என்று விடுமுறை முழுவதும் ஓடும்போது, பத்து வயதுப் பிள்ளைக்கு பேட் பிடிக்க ஓரமும் கிடைப்பதில்லை. சுவரோரம் நிற்பவனைப் பந்து பொறுக்கிப் போடச் சொல்கிறார்கள். மாநகராட்சியின் கட்டணமானாலும் அண்ணன்மார்களின் டோர்னமென்டானாலும், அந்தப் பிள்ளைக்கு விளைவு ஒன்றுதான்: திடல் இல்லை.

எனவே ஒரு திடலில் மாதத்துக்கு ஒரு தொடர்தான், அதுவும் சனி, ஞாயிறு மட்டும். அந்த நாட்களிலும் காலை முதல் இரண்டு மணி நேரம் சிறுவர்களுக்கு. இந்த வரம்பை எல்லா அணிகளும் ஏற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

வெயிலும் நேரமும்

2003 மே 31 அன்று சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கரையோர நகரத்தில் வெப்பமானி காட்டுவது பாதிதான். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது, உடல் சூடு தணியாது. கடற்காற்று ஏறத் தாமதமாகும் நாளில் நிலைமை இன்னும் மோசம். செயற்கைப் புல்லோ வெயிலில் இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறும்; செருப்பில்லாமல் ஆடும் பிள்ளையின் பாதம் பொத்துப்போகும்.

ஆகவே காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை திறந்தவெளியில் எந்தப் போட்டியோ பயிற்சியோ கூடாது. அந்த நேரத்துக்கு நிழலுள்ள இடம் வேண்டும்: மாநகராட்சிப் பள்ளிக் கட்டடங்கள், சமுதாயக் கூடங்கள், கிளை நூலகங்கள். கேரம், சதுரங்கம், கதை வாசிப்பு, ஓவியம், பறைப் பயிற்சி எல்லாம் அங்கே நடக்கட்டும். விடுமுறையில் பள்ளிக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்க, பிள்ளைகள் தகர ஷீட்டின் கீழ் வேகிறார்கள். மாலையில் விளக்குப் போட்டு இரவு 9 மணி வரை திடலைத் திறந்துவைத்தால், பகலில் இழந்த நேரத்தைப் பிள்ளைகள் ஈடுகட்டிக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகளும் பெரியவர்களும்

திடல் எல்லோருக்கும் பொது என்று பலகையில் எழுதினால் மட்டும் போதாது. பையன்கள் நிறைந்திருக்கும் திடலுக்குள் எட்டாம் வகுப்புப் பெண் தனியாக நுழையமாட்டாள், வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். தினமும் மாலை 4:30 முதல் 6 மணி வரை பெண் பிள்ளைகளுக்கு என்று நேரம் குறித்து, பெண் பயிற்சியாளர் ஒருவரையும் நிறுத்தினால் அவர்கள் வருவார்கள். தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை இல்லாவிட்டால் அந்த நேரமும் வீண்தான்.

ஞாயிறு காலை 6 முதல் 9 மணி வரை ஒவ்வொரு வார்டிலும் ஒரு தெருவை வண்டிகள் இல்லாமல் விட வேண்டும். சைக்கிள் பழகும் பிள்ளைக்கும், நடக்க வெளியே வரும் பாட்டிக்கும் அது பயன்படும். ஆம்புலன்சும் தண்ணீர் லாரியும் போக வழி விட்டே இதைச் செய்யலாம்.

ஒலி, பேனர், வசூல்

இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. கானாக் கச்சேரி எங்கள் மண்ணின் கலை. அது கட்டாயம் நடக்க வேண்டும். 9:30க்கு முடித்தால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும், விடியற்காலை கடலுக்குப் போகிறவரும் தூங்குவார்கள்.

2019இல் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். எங்கள் நிகழ்ச்சிகளில் சாலையோரப் பேனர் கிடையாது. எந்தக் கட்சிக்காரரும் விருந்தினராக வரலாம். ஆனால் திடலைத் தன் கொடிக்குள் அடக்கக் கூடாது. நிகழ்ச்சிகளுக்காக வசூலித்த தொகையும் செலவும் திடல் வாசலில் எழுதி ஒட்டப்படும்.

பராமரிப்புக்குப் பணம் எங்கே என்பவர்களுக்கு

கேள்வி நியாயமானது. விளக்கு, தண்ணீர், காவலாளி, புல் எதுவும் சும்மா வருவதில்லை. தெருவிளக்குக்கும் குப்பை அள்ளுவதற்கும் மாநகராட்சி எந்த நிதியிலிருந்து செலவழிக்கிறதோ, அதிலிருந்தே திடலுக்கும் ஒதுக்கட்டும். நிறுவனங்கள் நன்கொடை தந்தால் வாங்கலாம். பதிலுக்கு வாசல் சாவியைக் கொடுக்கக்கூடாது. திறந்துவிட்டால் குடிகாரர்கள் வந்து உட்காருவார்கள் என்பது அடுத்த அச்சம். இருட்டிய, ஆளில்லாத திடலில்தான் அவர்கள் உட்காருகிறார்கள். வெளிச்சமும் பிள்ளைகளும் தாய்மார்களும் நிறைந்த இடத்துக்கு அவர்கள் வருவதில்லை.

மாநகராட்சியிடம் கோருவது

1. திடல்களுக்குக் கட்டணமோ குத்தகையோ இல்லை என்று மாமன்றம் தனித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.
2. ஒவ்வொரு திடலிலும் கோடை நேர அட்டவணையை ஏப்ரல் நடுவிலேயே எழுதி வைக்க வேண்டும்.
3. குடிநீர், பெண்கள் கழிப்பறை, மின்விளக்கு, முதலுதவிப் பெட்டி ஆகியவை விடுமுறை தொடங்குமுன் தயாராக வேண்டும். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் வர வேண்டும்.
4. வார்டுக்கு ஒரு பள்ளிக் கட்டடத்தையாவது பகல் நேரத்தில் திறந்துவிட வேண்டும்.
5. ஞாயிறு தெருவுக்கான அனுமதியை மண்டல அலுவலகமும் போக்குவரத்துக் காவல்துறையும் ஒரே மனுவில் தர வேண்டும்.

எங்கள் பொறுப்பு

கேட்பதோடு நாங்கள் நின்றுவிடவில்லை. திறக்கவும் பூட்டவும் தினமும் இரண்டு உறுப்பினர்கள் முறை வைத்து நிற்பார்கள். பெண் பிள்ளைகள் நேரத்தை மகளிர் சுய உதவிக் குழுவினர் பார்த்துக்கொள்வார்கள். நீர்மோர்ப் பந்தல் எங்கள் செலவு. ஆட்டம் முடிந்ததும் குப்பையை ஆடியவர்களே பொறுக்குவார்கள்.

இந்த அறிக்கையை வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுக்கிறோம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறோம். கிரிக்கெட் அணிகள், கால்பந்துக் குழுக்கள், கேரம் மன்றங்கள், மீனவர் சங்கங்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள் எல்லோரும் இதில் கையெழுத்திட வேண்டும் என அழைக்கிறோம். பிள்ளைகளோடு கூட்டத்துக்கு வாருங்கள். எந்தத் திடலில் விளக்கு எரியவில்லை, எந்த வாசல் பூட்டியிருக்கிறது என்று அவர்களே எழுந்து சொல்லட்டும். இந்தக் கோடைக்குள் அவற்றைச் சரிசெய்ய வைப்பது பெரியவர்களாகிய நம் கடமை.